வாங்கிய பெட்டிக்கு யார் முதலாளி?

பத்தாயிரம் ரூபாய் அடக்கவிலை உள்ள சரக்கை ஒரு கடைக்காரர் எட்டாயிரத்துக்கு விற்றால் ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் வீடியோ கேம் கன்சோல் வியாபாரத்தில் இது சர்வ சாதாரணம். ஆப்பிளுக்கும் எபிக் கேம்ஸுக்கும் நடந்த வழக்கில், 2021 மே மாதம் சாட்சி சொன்ன மைக்ரோசாப்ட் துணைத் தலைவர் ஒருவர், எக்ஸ்பாக்ஸ் பெட்டியை லாபத்துக்கு விற்றதே இல்லை என்று கோர்ட்டிலேயே சொன்னார்.

அப்புறம் லாபம் எங்கே? கேமில்! ஒவ்வொரு கேம் விற்கும்போதும் அதைத் தயாரித்தவர் கன்சோல் கம்பெனிக்கு ஒரு பங்கு கட்ட வேண்டும். ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிப்பது என்று பி.காம். மார்க்கெட்டிங் பாடத்தில் வருமே, அதே கதைதான்.

இந்தக் கணக்கு தேற வேண்டுமானால் ஒரே ஒரு நிபந்தனை. கம்பெனி டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட புரோகிராம் மட்டும்தான் பெட்டிக்குள் ஓட வேண்டும். வேறு யார் எழுதிய புரோகிராமைப் போட்டாலும் பெட்டி "முடியாது" என்று சொல்லிவிட வேண்டும். அதாவது பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டில்தான் பெட்டி இருக்கும், ஆனால் அதன் சாவி கம்பெனியிடம் இருக்கும்.

அந்தச் சாவி இல்லாமலே உள்ளே போனவர்களின் கதைதான் ஹோம்ப்ரூ. ஹோம்ப்ரூ என்றால் வீட்டுத் தயாரிப்பு. அம்மா போடும் ஊறுகாய் மாதிரி. கம்பெனி லேபிள் இருக்காது, விற்பனைக்கும் இல்லை, அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுப்பது. யாரோ ஒருவர் பொழுதுபோக்காக எழுதிய கேமையோ, சினிமா பார்க்கும் மென்பொருளையோ, லினக்ஸையோ கன்சோலில் ஓட்டுவதுதான் இது. திருட்டு சி.டி. வேறு, இது வேறு. (இரண்டும் ஒரே கதவு வழியாக வருவதுதான் பிரச்சினையே. அதைப் பிறகு பார்க்கலாம்.)

உள்ளே போக எத்தனை வழிகள்? ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதல் வழி: சாலிடரிங் அயர்ன்

2001 நவம்பரில் அமெரிக்காவில் முதல் எக்ஸ்பாக்ஸ் 299 டாலருக்கு வந்தது. உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசசர், 64 எம்.பி. மெமரி, 8 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். சுருக்கமாகச் சொன்னால் அன்றைய நல்ல கம்ப்யூட்டர் ஒன்று. கம்ப்யூட்டர் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

ஆன் செய்ததும் முதலில் ஓடும் 512 பைட் அளவுள்ள சின்ன புரோகிராமை மைக்ரோசாப்ட் ஒரு சிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தது. அதற்குள்தான் சாவி. எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங் (பட்டப்பெயர் பன்னி) 2002-ல் என்ன செய்தார் தெரியுமா? சிப்பை உடைக்கவில்லை. இரண்டு சிப்புகளுக்கு நடுவே ஓடும் வயர்ப் பாதையில் தானே செய்த ஒரு போர்டை வைத்து ஒட்டுக் கேட்டார். பிராசசரிடம் போகும் வழியில் அந்த ரகசியம் எந்த மறைப்பும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக் கதவுக்கு ஏழு பூட்டுப் போட்டுவிட்டு, சாவி எங்கே என்று வாசலில் நின்று சத்தமாகப் பேசினால் எப்படி இருக்கும்? அப்படி.

இதற்கெல்லாம் பிறகு மோட்சிப் என்ற குட்டி போர்டுகள் தாராளமாகக் கிடைத்தன. அதை உள்ளே சாலிடர் செய்துவிட்டால் கம்பெனி புரோகிராமுக்குப் பதில் இந்தச் சிப்பில் உள்ளது முதலில் ஓடும். கை நடுங்கினால் பெட்டி போச்சு. வாரண்டி அதற்கு முன்பே போயிருக்கும். :-)

தான் கற்றதையெல்லாம் ஹுவாங் புத்தகமாக எழுதினார். ஒத்துக்கொண்டிருந்த பெரிய பதிப்பகம், 1998-ல் வந்த அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்துக்குப் பயந்து பின்வாங்கியது. அவர் 2003-ல் தானே வெளியிட்டார். பிறகு வேறொரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. 2013-ல், ஏரன் ஸ்வார்ட்ஸ் இறந்த பிறகு, அவர் நினைவாக அந்தப் புத்தகத்தை எல்லோரும் இலவசமாகப் படிக்கக் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் வழி: பாதியில் நிறுத்திய கேம்

எல்லோர் வீட்டிலும் சாலிடரிங் அயர்ன் இருக்குமா? இருக்காது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே போக ஒரு வழியை 2003-ல் கண்டுபிடித்தார்கள். இது இன்னும் சுவாரசியம்.

கேம் ஆடும்போது பாதியில் நிறுத்தினால், எந்தக் கட்டம், எத்தனை உயிர், ஆடுபவர் பெயர் என்ன என்று ஒரு ஃபைலில் சேமித்து வைப்பார்கள் அல்லவா? கேமைக் கம்பெனி துருவித் துருவிச் சோதிக்கும். ஆனால் சேமித்த ஃபைலைத் திரும்பப் படிக்கும்போது கேம் எழுதியவர் அசட்டையாக இருந்திருப்பார். பெயருக்கு இருபது எழுத்து இடம் ஒதுக்கியிருப்பார். ஃபைலில் இருநூறு எழுத்தில் பெயர் இருந்தால்? மிச்ச எழுத்துகள் பக்கத்து இடத்தில் போய் விழும். அங்கே இருந்தது "அடுத்து எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும்" என்ற குறிப்பு என்றால், அந்த எழுத்துகளே கட்டளை ஆகிவிடும்!

முதல் எக்ஸ்பாக்ஸில் ஜேம்ஸ் பாண்ட் கேம் ஒன்றும் (ஏஜென்ட் அண்டர் ஃபயர்), மெக்அசால்ட், ஸ்பிளின்டர் செல் ஆகிய கேம்களும் இப்படி மாட்டின. அதிலும் அந்தப் பெட்டியில் எல்லா கேமும் முழு அதிகாரத்தோடு ஓடும். கேமில் ஒரு ஓட்டை என்றால் மொத்தப் பெட்டியும் கைக்கு வந்துவிடும். எக்ஸ்பாக்ஸில் லினக்ஸ் ஓட்ட முயன்ற குழுவுக்கு, லிண்டோஸ் கம்பெனி நடத்திய மைக்கேல் ராபர்ட்சன் மொத்தம் 2 லட்சம் டாலர் பரிசு அறிவித்திருந்தார். மோட்சிப் இல்லாமலே ஓட்டுவதும் அந்தப் போட்டியில் அடக்கம்.

நின்டெண்டோ வீ கன்சோலில் இதே வித்தை 2008 பிப்ரவரியில் நடந்தது. செல்டா வரிசையில் வந்த ட்வைலைட் பிரின்சஸ் கேமில் கதாநாயகனின் குதிரைக்குப் பெயர் வைக்கலாம். சேமித்த ஃபைலில் அந்தக் குதிரைக்கு மிக நீளமான பெயர் கொடுத்தார்கள். எஸ்.டி. கார்டு வழியாக அந்த ஃபைலைப் பெட்டிக்குள் ஏற்றி கேமைத் தொடங்கினால், குதிரைக்குப் பதில் ஹோம்ப்ரூ வந்து நிற்கும். 2008 ஜூனில் நின்டெண்டோ ஒரு அப்டேட் விட்டு அந்த ஃபைலைத் தேடி அழிக்கப் பார்த்தது. அதையும் ஏமாற்றினார்கள். இந்தப் பூனை-எலி ஆட்டம் வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2011-ல் கேமே தேவையில்லாமல், வீயின் மெசேஜ் போர்டுக்கு வரும் ஒரு கடிதத்தைத் திறந்தாலே போதும் என்ற நிலை வந்துவிட்டது. அதற்கு லெட்டர்பாம் என்று பெயர்.

மூன்றாம் வழி: பேட்டரி

சோனியின் பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. கையில் பிடித்து ஆடும் கன்சோல். முதலில் வந்த 1.0 ஃபர்ம்வேர் எந்தக் கையெழுத்தும் கேட்காமல் எதைக் கொடுத்தாலும் ஓட்டியது. சோனி சுதாரித்து 1.5-ல் கதவை மூடியது. ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஒரு சதவீதக் குறி போட்டே 2005-ல் அதை ஏமாற்றிவிட்டார்கள். அடுத்து 2.0. அதில் ஒரு படத்தைத் திறந்தாலே போதும் என்று ஆனது.

ஆனால் பெரிய வேட்டு 2007-ல் வெடித்தது. பழுது பார்க்கும் ஆட்களுக்காக சோனி ஒரு ரகசிய வழி வைத்திருந்தது. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு சீரியல் நம்பர் உண்டு. அந்த நம்பர் ஒரு குறிப்பிட்ட மாதிரி இருந்தால், பி.எஸ்.பி. தன் ஃபர்ம்வேரை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கில் இருப்பதை ஓட்டும். அப்டேட்டில் கெட்டுப்போன பெட்டியை உயிர்ப்பிக்க உதவும் நல்ல ஏற்பாடுதான். இதைக் கண்டுபிடித்தவர்கள் சாதாரண பேட்டரியின் நம்பரை மாற்றினார்கள். பண்டோரா பேட்டரி என்று பெயரும் வைத்தார்கள். பூட்டிய வீட்டுக்குக் கொல்லைப்புறக் கதவு! இது வன்பொருளிலேயே இருந்ததால், அதுவரை விற்ற பெட்டிகளை அப்டேட் விட்டுச் சரிசெய்யவும் முடியவில்லை. பின்னால் வந்த மாடல்களில்தான் அடைத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பண்டோராவால் அதிகம் பயன் அடைந்தவர்களில் பி.எஸ்.பி.யைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. "பிரிக்" ஆகிவிட்டது, அதாவது செங்கல் ஆகிவிட்டது என்பார்கள். ஆன் ஆகாது, பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம். 2005 அக்டோபரில் ஹோம்ப்ரூ என்ற பெயரிலேயே ஒரு ட்ரோஜன் சுற்றியது. ஆசையாக ஓட்டியவர்களின் பி.எஸ்.பி.யில் முக்கியமான ஃபைல்களை அழித்துவிட்டது. கையெழுத்து இல்லாத எதையும் ஓட்டலாம் என்றால், எது வேண்டுமானாலும் ஓடும். சுதந்திரத்தின் மறுபக்கம் இது.

நான்காம் வழி: கம்பெனி போட்ட தப்புக் கணக்கு

கையெழுத்தையே போலியாகப் போட்டுவிட்டால்? கணிதப்படி நடக்காத காரியம். ஆனால் கணிதத்தைப் புரோகிராமாக எழுதுவது மனிதர்கள்தானே...

வீயின் சாவிகளை எடுத்த கதை முதலில். பழைய கேம்க்யூப் கேம்களை வீ ஓட்டும்போது அதன் மெமரியில் ஒரு பகுதி மட்டும்தான் வெளியே தெரியும். ட்வீசர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட குழு, நிஜமாகவே ஒரு இடுக்கியை எடுத்து போர்டில் இரண்டு புள்ளிகளை இணைத்தது. உடனே மறைந்திருந்த பகுதி கண்ணுக்குத் தெரிந்தது, அங்கே சாவிகள். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் வீயில் ஹோம்ப்ரூ ஓடுவதைச் செய்தே காட்டினார்கள்.

அதைவிட அதிசயம் கையெழுத்துச் சோதனையில் இருந்த பிழை. கையெழுத்திலிருந்து கிடைக்கும் எண்ணையும் ஃபைலிலிருந்து கணக்கிட்ட எண்ணையும் வீ ஒப்பிட்டுப் பார்க்கும். ஒப்பிட அவர்கள் பயன்படுத்தியது வார்த்தைகளை ஒப்பிடும் கட்டளை. அந்தக் கட்டளைக்குப் பூஜ்யம் வந்தால் வார்த்தை முடிந்தது என்று அர்த்தம், அதோடு நிறுத்திவிடும். கையெழுத்து இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பூஜ்யம் போட்டால்? பூஜ்யத்தை எத்தனை முறை பெருக்கினாலும் பூஜ்யம். இனி ஃபைலின் எண்ணும் பூஜ்யத்தில் தொடங்கினால் போதும், மீதியை யாரும் பார்க்க மாட்டார்கள். ஃபைலில் உபயோகமில்லாத ஒரு இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால், சராசரியாக 256 முயற்சியில் ஒன்று அப்படி அமைந்துவிடும். கம்ப்யூட்டருக்குக் கண் இமைக்கும் நேரம். காசோலையில் முதல் எழுத்து மட்டும் சரியா என்று பார்த்துப் பணம் கொடுக்கும் கேஷியர் மாதிரி!

பிளேஸ்டேஷன் 3-இல் சோனி செய்தது இன்னொரு ரகம். அதன் கையெழுத்து முறையில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணை ரகசியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோனி எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. தெரியாதது இரண்டு, சமன்பாடு இரண்டு, விடை கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்புக் கணக்கு. 2010 டிசம்பரில் இதை மேடையில் சொன்ன குழுவில் அந்த வீ ஆட்களும் இருந்தார்கள்.

கம்பெனியே திறந்த கதவு

எல்லாக் கம்பெனியும் எப்போதும் கதவை மூடியே வைத்திருக்கவில்லை. 1997-ல் சோனியே நெட் யரோஸ் என்ற கறுப்பு பிளேஸ்டேஷனை, வீட்டிலிருந்தே கேம் எழுத ஆசைப்படுபவர்களுக்காக விற்றது. பிளேஸ்டேஷன் 3-இலும் முதலில் "அதர் ஓ.எஸ்." என்று லினக்ஸ் போட்டுக்கொள்ளும் வசதி இருந்தது. அமெரிக்க விமானப் படை ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3-களை இணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. பிறகு 2010 ஏப்ரல் 1 அன்று சோனி ஒரு அப்டேட் விட்டு அந்த வசதியை எடுத்துவிட்டது. முட்டாள்கள் தினம் என்று சிலர் நம்பவே இல்லை.

அப்டேட் செய்யாவிட்டால் இணையத்தில் ஆட முடியாது. செய்தால் லினக்ஸ் போச்சு. காசு கொடுத்து வாங்கியபோது இருந்த வசதி ஒன்று, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பறிபோனது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். பல வருஷம் இழுத்து, கடைசியில் சோனி பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. இன்னொரு விஷயம் கவனியுங்கள். அந்தப் பெட்டியின் பூட்டு முழுசாக உடைந்தது லினக்ஸை எடுத்த அதே வருஷம் டிசம்பரில்தான். சட்டப்படி ஒரு ஜன்னல் இருந்தவரை பலருக்குக் கதவை உடைக்கும் அவசரம் இருக்கவில்லை என்று அந்தக் குழுவே சொன்னது.

மைக்ரோசாப்ட் பாடம் கற்றுக்கொண்டது. 2016-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியில் "டெவலப்பர் மோட்" கொடுத்தது. பதிவு செய்துகொண்டவர் தன் புரோகிராமைத் தன் பெட்டியில் ஓட்டலாம்.

சரி, திருட்டு?

இங்கேதான் மழுப்பக் கூடாது. ஹோம்ப்ரூவுக்குத் திறந்த ஒவ்வொரு கதவு வழியாகவும் திருட்டு கேம்களும் வந்தன. மோட்சிப் போட்ட எல்லோரும் லினக்ஸ் ஓட்டவா போட்டார்கள்? குழந்தை கூட நம்பாது. சேகாவின் ட்ரீம்காஸ்டில் கரோக்கி மாதிரியான இசைத் தட்டுகளுக்காக வைத்த ஒரு வசதியைப் பயன்படுத்தி 2000-ல் மோட்சிப் கூட இல்லாமல் நகல் கேம்கள் ஓடின. அடுத்த ஜனவரியில் சேகா அந்தக் கன்சோலையே நிறுத்துவதாக அறிவித்தது. பிளேஸ்டேஷன் 2 உள்பட அதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு, ஆனால் திருட்டு உதவி செய்யவில்லை என்பது நிச்சயம். ஒரு கேமுக்குப் பின்னால் இரண்டு வருஷம் தூக்கம் கெட்டு உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிளேடை விற்றுத்தான் சாப்பிட வேண்டும்.

சட்டம் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. அமெரிக்காவில் போன் பூட்டை உடைப்பதற்கு 2010-ல் விலக்குக் கொடுத்தார்கள். கேம் கன்சோலுக்கும் கேட்டபோது 2012-ல் மறுத்துவிட்டார்கள். திருட்டு பெருகும் என்பதுதான் காரணம். 2021-ல்தான் கொஞ்சம் இறங்கிவந்து, கெட்டுப்போன டிஸ்க் டிரைவைப் பழுது பார்ப்பதற்கு மட்டும் அனுமதி தந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: காசு கொடுத்து வாங்கிய பெட்டியை ரிப்பேர் செய்ய சட்டத்தில் விலக்கு வாங்க வேண்டியிருந்தது!

இன்னொரு பக்கம், நின்டெண்டோ கன்சோல்களில் திருட்டு கேம் ஓட்டும் கருவிகளை விற்ற கும்பலைச் சேர்ந்த ஒருவருக்கு 2022 பிப்ரவரியில் 40 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நின்டெண்டோவுக்கு அவர் கட்ட வேண்டிய தொகை மொத்தம் 1.45 கோடி டாலர். கோடு எங்கே என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. அடுத்தவர் சரக்கை விற்றுக் காசு பார்ப்பது அந்தப் பக்கம். தன் பெட்டியில் தன் புரோகிராமை ஓட்டுவது இந்தப் பக்கம். பூட்டுக்கு மட்டும் இந்த வித்தியாசம் தெரியாது. அது இருவரையும் ஒரே மாதிரி வெளியே நிறுத்தும்.

அந்தப் பக்கம் நின்றவர்கள் என்ன சாதித்தார்கள்?

எக்ஸ்பாக்ஸில் சினிமா பார்க்க சிலர் பொழுதுபோக்காக எழுதிய எக்ஸ்.பி.எம்.சி. என்ற மென்பொருள் 2014-ல் கோடி என்று பெயர் மாறி, உலகம் முழுக்க டி.வி.களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளெக்ஸ் கூட அதிலிருந்து பிரிந்ததுதான். வீ பெட்டி சினிமா டி.வி.டி.யை ஓட்டாது, ஹோம்ப்ரூ ஆட்கள் ஓட வைத்தார்கள். 2019 ஜனவரி 30 அன்று வீயின் ஆன்லைன் கடையை நின்டெண்டோ மூடிவிட்டது. 2023 மார்ச்சில் 3டி.எஸ். கடையில் விற்பனை நின்றது. அங்கே மட்டுமே விற்ற கேம்களைப் புதிதாக வாங்க வழியே கிடையாது. கம்பெனிக்கு அது முடிந்துபோன கணக்கு, பெரேட்டில் வரவு இல்லை, செலவு மட்டும்தான். பழைய பெட்டியை உயிரோடு வைத்திருப்பது அந்த வீட்டுத் தயாரிப்பு ஆட்கள்தான்.

அவர்களுக்குள்ளும் சண்டை உண்டு. வீயின் ஹோம்ப்ரூ சேனலை எழுதியவர்கள் 2025 ஏப்ரலில் அந்த வேலையை நிறுத்திக்கொண்டார்கள். தாங்கள் நம்பிப் பயன்படுத்திய அடிப்படை நூலகத்தில், வேறொரு திறந்த மூல மென்பொருளின் வரிகள் பெயர் சொல்லாமல் எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பூட்டை உடைப்பவர்களுக்கு அடுத்தவர் உழைப்பைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் போடாமல் எடுத்தால் அங்கேயும் கோபம் வருகிறது.

பிளேடு விற்றுப் பிழைக்கும் கம்பெனி, விற்பனை நடக்கும்வரை பூட்டுப் போடட்டும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடையை மூடிய பிறகும் சாவியைக் கையிலேயே வைத்திருப்பதில் என்ன நியாயம்? கடைசி அப்டேட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பரணில் பழைய வீ கிடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதையும் செய்வதற்கு முன் உள்ளே இருப்பதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செங்கல்தான். யாராவது "ஹோம்ப்ரூ பேக்கேஜ்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் சேனலை நிறுவும்போது திரையில் முதலில் வருவதே ஒரு எச்சரிக்கைதான்: இதற்கு நீங்கள் காசு கொடுத்திருந்தால் உங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள், பணத்தைத் திரும்பக் கேளுங்கள் என்று. பூட்டை உடைத்தவர்கள் எழுதி வைத்தது அது. வியாபாரம் படிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய வரி.